மாடிப்படிக்கு அடியில் சிப்பிக் காளான்: இடம், காற்று, ஈரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சும்மா கிடக்கிற சின்ன அறையிலோ, மாடிப்படிக்கு அடியில் பழைய சாமான் போட்டு வைக்கிற இடத்திலோ சிப்பிக் காளான் வளர்க்கப் பார்க்கிறவர்களுக்காக எழுதியது இது. பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவது பெரும்பாலும் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகை போட இடம் உள்ளவர்களுக்கு. நம்ம திருநெல்வேலிப் பக்கம், பொது முற்றத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டி இருக்கிற வளவு வீட்டிலும் பாளையங்கோட்டை வாடகை வீட்டிலும் இருக்கிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. வருகிற கேள்வியில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றித்தான், அதனால் அந்தப் பதில்கள் நீளம்.

வீட்டில் எந்த இடம் சரிப்படும்?

தரைத்தளம், வெயில் படாத சுவர், வெளிப்பக்கமாக ஒரு துளையாவது போட வழி. இந்த மூன்றும் இருந்தால் போதும். மாடிப்படிக்கு அடி நல்ல இடம். பழைய வீடு என்றால் பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, உள்ளே இருக்கிற அரங்கு இன்னும் நல்லது, அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரின் கனத்துக்கு உள்ளே சூடு இறங்கவே நேரமாகும். ஆனால் அரங்கில் ஜன்னல் இருக்காது. நெல்லும் நகையும் பத்திரமாக இருக்கக் கட்டிய அறை அது, காற்று வரக் கட்டியது இல்லை. அங்கே காற்றுக்கு வழி பண்ணாமல், வைக்கோலும் காளான் வித்தும் (காளான் விதை) அடைத்த பையைத் தொங்கவிட வேண்டாம்.

மச்சும், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரணும் வேண்டாம். கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி ராத்திரியில் கீழே இறக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய அறையும் அதே கதைதான். குளியலறைக்குப் பக்கத்தில் ஈரம் இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். ஈரம் இருக்கும், கூடவே சாக்கடை ஈயும் இருக்கும்.

காளானுக்கு இருட்டும் ஈரமும் போதாதா? காற்று எதற்கு?

காளான் செடி இல்லை. நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். வைக்கோலைத் தின்று வளர்கிற வெள்ளை நூல், அதாவது காளான் இழை, ராப்பகலாக இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. ஏழெட்டுப் பையைத் தொங்கவிட்டுக் கதவை மூடிய சின்ன அறையில் அது சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் போய்விடும். சிப்பிக் காளான் விரிந்து வர 1000-க்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆனால் இழை ஓடுகிற முதல் 15, 20 நாளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அப்போது பைக்குள்ளே கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக இருப்பது நல்லதுதான், இழை வேகமாக ஓடும். பை முழுக்க வெளுத்து, கிழித்துத் தொங்கவிட்டு, மொட்டு கட்டுகிற நேரத்தில் தொடங்குகிறது எல்லாக் கஷ்டமும். அதனால் இரண்டு கட்டத்தையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பேன். இழை ஓடுகிற பையைக் கட்டிலுக்கு அடியில்கூட வைக்கலாம், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், ஏனென்றால் பையின் உள்சூடு அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். காற்றுக்கு வழி பண்ணிய இடத்தை மொட்டு வரும் பைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று பற்றவில்லை என்று எப்படித் தெரியும்? மீட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம், காளானே சொல்லிவிடும். தண்டு நீண்டு, குடை சட்டைப் பித்தான் அளவிலேயே நின்றுவிட்டால் காற்று இல்லை. குடையே இல்லாமல் பவளப்பாறை போலக் கிளைகிளையாக வந்தால் சுத்தமாகக் காற்று இல்லை. குடை நன்றாக விரிந்து, ஓரம் மட்டும் வெடித்துக் காய்ந்து மஞ்சளானால் காற்று இருக்கிறது, ஈரம் இல்லை. நீண்ட தண்டைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தெளிப்பவர்கள்தான் அதிகம். தெளித்தால் கதவை இன்னும் இறுக்கி மூடத் தோன்றும், மூடினால் தண்டு இன்னும் நீளும்.

எவ்வளவு காற்று வேண்டும்? எந்த ஃபேன்?

கணக்கு சுலபம். மூன்றடி அகலம், நாலடி நீளம், ஏழடி உயரம் என்றால் 84 கன அடி. மாடிப்படி அடி சரிவாக இருக்கும், உயரத்துக்குச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஆறு தடவை அறைக் காற்று முழுக்க மாறினால் சிப்பிக் காளானுக்குப் போதும். 84-ஐ ஆறால் பெருக்கினால் 504 கன அடி, அதாவது நிமிடத்துக்கு எட்டரை கன அடிக்கும் கொஞ்சம் குறைவு. ரொம்பக் கொஞ்சம்தான். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டி நாள் முழுக்க ஓடவிட்டால் காளான் அப்பளமாகிவிடும்.

கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கிற 120 மில்லிமீட்டர் ஃபேன் போதும். 12 வோல்ட்டில் ஓடும், பழைய ரௌட்டர் அடாப்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதையே கொடுக்கலாம், அடாப்டர் மேல் எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். அட்டையில் நிமிடத்துக்கு 50 கன அடி என்று போட்டிருந்தால், வலையும் குழாயும் மாட்டிய பிறகு பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 வந்தால் மணிக்கு 20 நிமிடம் ஓடினால் கணக்கு முடிந்தது. அந்த 20 நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓடவிட வேண்டாம், கால் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாக டைமரில் பிரித்துப் போடுங்கள். ஈரம் ஒரேயடியாக இறங்காமல் இருக்கும். டைமர் இல்லையென்றால் வோல்டேஜைக் குறைத்து மெதுவாக ஓடவிடலாம்.

ஃபேனை மேலே வைக்கவா, கீழே வைக்கவா?

இதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கார்பன் டை ஆக்சைடு கனமானது, தரையில்தான் தங்கும், அதனால் கீழே வை என்பது ஒரு கட்சி. சூடான காற்று மேலே போகும், மேலே வை என்பது இன்னொன்று. காற்று கொஞ்சம் அசைந்தாலே எல்லாம் கலந்துவிடும் என்பதால், இவ்வளவு சின்ன இடத்தில் இந்தச் சண்டைக்கு அர்த்தம் இல்லை. உள்ளே வருகிற துளையும் வெளியே போகிற துளையும் எதிரெதிர் மூலையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் இருந்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும், நடுவில் தொங்குகிற பைக்கு ஒன்றும் கிடைக்காது. நம்ம ஊர்ச் சூட்டுக்கு வெளியே போகிறதை மேலேயும் உள்ளே வருகிறதைக் கீழேயும் வைக்கச் சொல்வேன், கரண்ட் இல்லாத நேரத்திலும் சூடு தானாகக் கொஞ்சம் வெளியேறும்.

ஃபேன் காற்றை வெளியே இழுக்கட்டும், உள்ளே தள்ள வேண்டாம். தள்ளினால் மொட்டு மேல் நேராக அடித்துக் காயவைக்கும். உள்ளே வருகிற துளை, ஃபேனைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும், வலை போட்டால் பாதி அடைபடும். வரும் துளையே இல்லாமல் ஃபேனை மட்டும் மாட்டினால் சத்தம்தான் வரும்.

வெளியே போகிற காற்று கண்டிப்பாக வீட்டுக்கு வெளியே போக வேண்டும். புறவாசல் பக்கம் விடுங்கள், முன்பக்கத்துத் தாழ்வாரமான தார்சாவில் விடாதீர்கள், அங்கேதான் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காரணம் கீழே நெஞ்சு பற்றிய கேள்வியில் இருக்கிறது.

ஃபேன் ஓடினால் ஈரம் நிற்கவே மாட்டேன் என்கிறதே?

இதற்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். சிப்பிக் காளானுக்கு 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் வேண்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரமானி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஜூன், ஜூலையில் குற்றாலம், செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும்போது வெளிக்காற்றே ஈரமாகத்தான் இருக்கும், ஃபேனை ஓடவிட்டு நீங்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். அதே மாதத்தில் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று, மழையை மலைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வருகிறது, துணி அரை மணியில் காயும். திருநெல்வேலி டவுனும் மேலப்பாளையமும் இரண்டுக்கும் நடுவில். குற்றாலத்து ஆள் சொல்கிற தெளிப்பு அளவை ராதாபுரத்தில் அப்படியே பின்பற்றினால் எப்படி விளங்கும்?

காய்ந்த காற்று உள்ள இடத்தில், வரும் துளைக்கு வெளியே ஏர் கூலரில் போடுகிற வைக்கோல் பேடையோ, மடித்த கோணிச் சாக்கையோ தொங்கவிட்டு, மேலே ஒரு பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும்படி செய்யுங்கள். காற்று ஈரத்தோடும் குளிர்ச்சியோடும் உள்ளே வரும், காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். அறைக்குள் சுவரோரம் நனைத்த சாக்கு, தரையில் ஒரு தட்டில் நனைத்த செங்கல் துண்டுகள். கைத்தெளிப்பான் என்றால் பனிபோலத் தெளிக்கிறதாக வேண்டும், சுவரிலும் சாக்கிலும் அடியுங்கள், மொட்டு மேல் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர் தேங்கிய குடை மஞ்சளாகி வழவழக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதெல்லாம் தலைகீழ். சாக்கை எடுத்துவிடுங்கள், ஃபேனைக் கூட்டுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கிற நாசில் வாங்கினால் சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும். தாமிரபரணிக் குடிதண்ணீர் வருகிற வீடு என்றால் கவலையில்லை.

சித்திரை, வைகாசியில் என்ன செய்ய?

சிப்பிக் காளானை நிறுத்துங்கள். அதற்கு 20 முதல் 30 டிகிரி வரை சரி, அதைத் தாண்டினால் மொட்டு கருகும். அறை 35-ல் நிற்கும்போது சாக்கை நனைத்துப் போராடுவது வீண் வேலை. அந்த மாதங்களுக்கென்றே பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே.-2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். ஆனால் பையைப் பாதியாக வெட்டி மேலே வேகவைத்த மண் போட வேண்டும், நாளும் கூடுதலாக ஆகும், வெளிச்சமும் சிப்பியைவிட அதிகம் கேட்கும். முதல் தடவையாகச் செய்கிறவர்கள் ஆவணிக்குப் பிறகு சிப்பியில் தொடங்குவது நல்லது.

ஏ.சி. அறையில் வைக்கலாமா?

வேண்டாம். ஏ.சி. குளிரவைக்கும்போதே ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிடும். நீங்கள் ஒரு பக்கம் தெளிக்க, அது ஒரு பக்கம் உறிஞ்ச, கரண்ட் பில்தான் வளரும்.

லைட் வேண்டுமா?

இழை ஓடும்போது வேண்டாம். மொட்டு கட்டும்போது பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். செடி வளர்க்கிற ஊதா நிற லைட்டெல்லாம் காளானுக்குத் தண்டம், அது வெளிச்சத்தைத் தின்று வாழ்வதில்லை. ஈரமான இடம் என்பதால் தண்ணீர் புகாத ஃபிட்டிங் போடுங்கள், சுவிட்சும் அடாப்டரும் அறைக்கு வெளியே இருக்கட்டும், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிட்டுக் காளானைப் பற்றி யோசியுங்கள்.

மர அலமாரியிலேயே வளர்க்கலாமா?

தேக்கு பீரோவைப் பாழாக்க ஆசை இருந்தால் வளர்க்கலாம். 85 சதவீத ஈரத்தில் பிளைவுட் ஊதிவிடும், மரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணம் பைக்கும் வரும். இரும்பு ரேக், இல்லையென்றால் உறிபோலக் கயிறு கட்டி ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பை தொங்கவிடுவது. நான் கயிற்றின் பக்கம், பையைச் சுற்றிலும் காற்று போகும், பெருக்கவும் சுலபம். மேலே சொன்ன 84 கன அடிக்கு ஒன்பது பைக்கு மேல் வேண்டாம், ஆறு இன்னும் நல்லது. சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், பெயின்ட் வேண்டாம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் ஒட்டாது.

வைக்கோல் எங்கே வாங்க, எப்படிப் பதப்படுத்த?

நெல் விளைகிற ஊரில் இது ஒரு கேள்வியா என்று தோன்றும், ஆனால் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இங்கே நெல்லுக்குப் பிசானம், கார் என்று இரண்டு பருவம். பிசானத்து வைக்கோல் மாசி, பங்குனி வெயிலில் அறுத்துக் காய்ந்தது, பொன்னிறமாக, மொடமொடவென்று இருக்கும். கார் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு வரும். அந்த வைக்கோல் பல தடவை நனைந்து கறுத்திருக்கும், பூஞ்சணம் ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் பிசானத்தில் ஒரு கட்டு வாங்கி நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கும் ஆகும்.

இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். வேகவைக்கச் சோம்பல்பட்டு ஃபார்மலினும் கார்பென்டசிம் என்கிற பூஞ்சைக்கொல்லியும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கிற முறை ஒன்று இருக்கிறது, பெரிய பண்ணைகளில் செய்வார்கள். வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம், ஃபார்மலின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

அப்புறம் 60-க்கு 30 சென்டிமீட்டர் பையில் இரண்டு அங்குலம் வைக்கோல், ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல் என்று அடுக்கிக் கட்ட வேண்டியதுதான். நன்றாக வந்தால் அரைக் கிலோ காய்ந்த வைக்கோலுக்கு மூன்று அறுப்பில் ஏறக்குறைய அரைக் கிலோ காளான். முழுசாக முடிய ஒன்றரை மாதம்.

வித்து எங்கே கிடைக்கும்?

வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, அங்கே பயிர் நோயியல் துறையில் விசாரியுங்கள், போகும் முன் போன் பண்ணிவிடுங்கள். தனியாரிடம் வாங்கினால் தயாரித்த தேதி கேட்காமல் வாங்காதீர்கள். வித்து ஏற்றியிருக்கிற சோள மணி முழுக்க வெள்ளையாக மூடியிருக்க வேண்டும், பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பையில் பச்சைப் பூஞ்சணம். குட்டிக் குட்டி ஈ. என்ன செய்ய?

பச்சை பிடித்த பையை அறைக்குள் திறக்காமல், அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று உட்கார்ந்தால் பக்கத்துப் பைக்கும் பரவும். ஈ விஷயத்தில் சாதாரணக் கொசுவலையை நம்ப வேண்டாம், காளான் ஈ அதற்குள்ளே நுழைந்துவிடும். இரண்டு துளைக்கும் அதைவிட நெருக்கமான நைலான் வலை போடுங்கள், உள்ளே மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று தொங்கட்டும். பூச்சிமருந்து வீட்டுக்குள் வேண்டாம், நாம் தின்னப் போகிற பொருள். பை புளித்த வாடை அடித்தால் அது பூச்சி இல்லை, வைக்கோலில் தண்ணீர் அதிகம், அடியில் இரண்டு துளை போட்டு வடியவிடுங்கள்.

வீட்டுக்குள் வளர்த்தால் நெஞ்சுக்கு ஆகாது என்கிறார்களே?

உண்மைதான், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முற்றிய சிப்பிக் காளான் லட்சக்கணக்கில் வித்துத்தூள் உதிர்க்கும், விடிந்ததும் லைட்டைப் போட்டால் புகைபோலத் தெரியும். தொடர்ந்து மூச்சில் போனால் இருமல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். காளான் பண்ணையில் வேலை பார்க்கிறவர்களுக்கு நுரையீரல் அழற்சியே வருவதுண்டு. குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள், மேல்நோக்கித் திரும்பினால் தாமதம். உள்ளே போகும்போது முகக்கவசம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் வீட்டுக்குள் வேண்டாம், புறவாசலில் கீற்றுச் சாய்ப்பு இறக்கி அங்கே வையுங்கள்.

கரண்ட் எவ்வளவு ஆகும்?

சின்ன ஃபேன் மணிக்கு 20 நிமிடம், 9 வாட் பல்பு பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏழெட்டு யூனிட்தான். ஈரப்பதமூட்டும் கருவி வைத்தால் கொஞ்சம் கூடும். இலவச யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குத் தெரியவே தெரியாது.

இதே அமைப்பில் கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று வெளிநாட்டு வீடியோவில் காட்டுகிறார்களே?

அவர்கள் நாட்டுச் சட்டம் அவர்களுக்கு. இங்கே 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20-ம் பிரிவு, கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வீட்டுக்குள் வளர்த்தாலும் அதேதான். அந்தக் கேள்விக்கு இங்கே வேறு பதில் கிடையாது. ஒன்று மட்டும், படிக்கட்டுக்கு அடியில் லைட்டும் ஃபேனும் ராத்திரியெல்லாம் ஓடினால் பக்கத்து வீட்டில் பேச்சு வரத்தான் செய்யும். முதல் அறுப்பில் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், சொதியில் போட்டால் அருமையாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.

விற்க முடியுமா?

ஆறு பையில் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சரியாகப் போகும். விற்க வேண்டுமென்றால் வாரம் தவறாமல் தர வேண்டும், அதற்குப் பத்து நாளுக்கு ஒருமுறை புதுப் பை போட்டுக்கொண்டே வர வேண்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும், அப்புறம் இந்த மாடிப்படி அடி பற்றாது. பறித்த காளான் ஃபிரிட்ஜில் காகிதப் பையில் மூன்று நாலு நாள்தான் தாங்கும், பிளாஸ்டிக்கில் கட்டினால் அதுகூடத் தாங்காது.

முடிந்த பையை என்ன செய்ய?

மூன்றாவது அறுப்பு முடிந்த அன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள், ஈ முட்டை வைக்கிற இடமே அதுதான். பூஞ்சணம் பிடிக்காத வைக்கோல் என்றால் மாட்டுக்குப் போடலாம், தின்னும். இல்லையென்றால் மண்ணோடு கலந்து மக்கவிட்டு மாடித் தோட்டத்துக்குப் போடுங்கள். அறையைக் காலியாக்கி, சுவரைக் கழுவி, மறுபடி சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரம் கதவைத் திறந்து போட்டுவிட்டு அடுத்த பையைத் தொங்கவிடுங்கள்.